காப்பு சிவக்கும் தெரு

"மதிப்பிற்குரிய விருந்தினரே, தாங்கள் அபாயப் பகுதிக்குள் நுழைகிறீர்கள். தயைகூர்ந்து திரும்பிச் செல்லுங்கள்" என்று பூவராகனின் மணிக்கட்டு கத்தியது. பக்கத்தில் ஜெபராஜின் மணிக்கட்டும் அதையே, அரை நொடி பின்தங்கி, கோயில் பஜனையில் தாளம் தப்பியவன் மாதிரி சொல்லி முடித்தது.

அபாயப் பகுதியில் ஒரு கடை இருந்தது. வாசலில், தடித்த கோட்டுக்கு மேல் சால்வை போர்த்திய ஒரு அம்மாள் முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கடுகு வெடிக்கும் வாசனை வந்தது. எல்வேரியாவில் இறங்கியதிலிருந்து பூவராகன் சாப்பிட்டதெல்லாம் சில்லென்ற மீனும் சில்லென்ற ரொட்டியும்தான். சூடாக இருந்தது பரிமாறியவர்களின் புன்னகை மட்டும். அதைத் தொட்டுக்கொண்டு எவ்வளவுதான் சாப்பிட முடியும்?

"வேண்டாம் சார், திரும்பிரலாம்" என்றான் ஜெபராஜ்.

"என்னடா சார்? இங்க யாரு இருக்கா?"

"அந்தம்மா தமிழ்."

பெரம்பூரில் ஒரே வீட்டில் பல வருடமாக இருப்பவர்கள். வீட்டுக்குள் டா போட்டுக்கொள்வார்கள். வாசற்படி தாண்டிவிட்டால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெபராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தமிழ் பேசும் எந்த முகத்துக்குப் பின்னாலும் ஒரு மாணவனின் அப்பா இருக்கலாம் என்பது அவனுடைய கணக்கு.

பூவராகனுக்கு வேலை நுங்கம்பாக்கத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில். எல்வேரியா வரைபடத்தில் தேடி எடுக்கவேண்டிய அளவுக்குச் சின்ன நாடு. தன் நல்ல மனசைப் பற்றி அது வைத்திருந்த அபிப்பிராயம் மட்டும் மிகப் பெரிது. ஓரினச் சேர்க்கையாளர், திருநர், இணையர் யாரானாலும் வருக வருக என்று உலகமெங்கும் விளம்பரம் செய்தது. முதலாளிக்கு மூக்கு வியர்த்தது. "அவங்களுக்குன்னு தமிழ்ல ஒரு கையேடு போடுவோம் பூவராகன். விசா, ஓட்டல், எந்தத் தெருவுல கை கோக்கலாம், எதுல கூடாது. நடைமுறையா இருக்கணும், கவிதை வேண்டாம். நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. யாராவது ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போய் ஜோடி மாதிரி நடிங்க. கூச்சப்படாதீங்க, தொழில்தானே?"

ஆக, தாங்கள் எதுவோ அதுவாக நடிக்க, கம்பெனி செலவில் வந்திருந்தார்கள். விமான நிலையத்தில் வானவில் குடையின் கீழ் நிறுத்திப் பூங்கொத்து கொடுத்து, ஆளுக்கொரு காப்பு மாட்டிவிட்டார்கள். தெருவில் நடக்கும்போது இடம் பாதுகாப்பானது என்றால் அது பச்சையாக ஒளிரும், ஆபத்து என்றால் சிவந்து கத்தும். கையேட்டின் முதல் பக்கத்தில் பூவராகன் அப்போதே எழுதிவிட்டான்: காப்பு சிவக்கும் தெருவைத் தவிர்க்கவும்.

அந்த அறிவார்ந்த காப்பு முந்தின நாள் துறைமுகத்தில் என்ன செய்தது? குடித்திருந்த ஒரு தடியன் இவர்கள் காலடியில் துப்பி, விரலை நீட்டி ஏதோ கர்ஜித்தான். ஜெபராஜ் அதை உள்ளூர் வணக்கம் என்று நினைத்துக் கையை உயர்த்தி "குட் ஈவினிங்" என்றான். காப்பு துளிகூட நிறம் மாறவில்லை. முருங்கைக்காயைப் பார்த்துத்தான் இப்போது இந்த அலறல்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பியவை" என்றார் அந்த அம்மாள். "அது கத்தட்டும். இஞ்ச வாற எல்லாற்ற கையும் உப்பிடித்தான் கத்துறது."

அவர் பெயர் யோகராணி. ஊர் யாழ்ப்பாணம். கடையின் பின்பாதியில் நாலு மேசை போட்டுச் சாப்பாடும் போட்டார்கள். சமையல் பிலோமினா. "என்ர அண்ணாவின்ர மனுசி. எனக்கு மச்சாள்" என்று யோகராணி அறிமுகம் செய்தார். அண்ணா சுவரில் இருந்தார். சந்தன மாலைக்குள், படிய வாரிய தலையோடு, யாருக்கும் கடன்படாத ஒரு புன்சிரிப்பு.

சோறு வந்தது. பூவராகன் பேச்சை மறந்து பிசைந்தான். வழக்கம்போல ஜெபராஜ் தட்டிலிருந்து மோர் மிளகாயை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். ஜெபராஜ் அவனிடமிருந்து கறிவேப்பிலையை எல்லாம் ஒதுக்கி எடுத்துக்கொண்டான்.

"வாசல்ல ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்கே அக்கா?"

"அதோ? எங்கட தெருவுக்கு நிறம் வந்திட்டுதாம். சிவப்பாம். முதல்லை டிராம் நிப்பாட்டுறதை நிப்பாட்டினவை. பிறகு சுற்றுலாக்காரரை விடுறேல்லை. இந்தக் கிழமை முடியிறதுக்குள்ளை பச்சை ஆகாட்டிக் கடையைப் பூட்டோணும்."

"ஏனாம்?"

"உந்தக் காப்புப் போட்ட ஆக்களை நாங்கள் வெருட்டுறமாம்." யோகராணி ரசத்தை ஊற்றினார். "எப்பிடி வெருட்டுறதெண்டு எனக்குத் தெரியாது தம்பி. சோறு போட்டுத்தான் பழக்கம்."

அப்போது கதவு திறந்தது. குரங்குக் குல்லாயோடு ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பதின்ம வயதில் ஒரு பெண். அப்பா நேரே இவர்கள் மேசைக்கு வந்தார்.

"தமிழா? அப்பாடா! நாங்க அண்ணா நகர். நீங்க?"

"பெரம்பூர்" என்றான் பூவராகன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்திருக்கீங்க? ஃபேமிலி வரலையா?"

"ஆபீஸ் டூர்" என்றான் ஜெபராஜ்.

"அண்ணன் தம்பி" என்றான் பூவராகன், அதே நொடியில்.

இரண்டு காப்பும் ஒன்றாக அலறின. "மதிப்பிற்குரிய விருந்தினரே! கடும் அபாயம்! கடும் அபாயம்!" குல்லாய்க்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன சார் அது கையில?"

"சுகர் பாக்குற மிஷின்" என்றான் ஜெபராஜ். "ஏறிருச்சு போல."

"ஏறாம என்ன பண்ணும்? வெறும் சோறா உள்ள தள்றீங்களே" என்று அவர் அக்கறையாகக் கடிந்துகொண்டு அடுத்த மேசைக்குப் போனார். காப்பு மெல்ல அடங்கியது.

பூவராகன் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டான். கடையில் ஆபத்து என்று ஒன்றுமில்லை. அவனுடைய நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. காப்பு தெருவைப் பார்க்கவே இல்லை. துப்பியவனைப் பார்த்து நெஞ்சு பதறவில்லை, அதனால் துறைமுகம் பச்சை. அண்ணா நகரைப் பார்த்துப் பதறியது, அதனால் இந்தத் தெரு சிவப்பு.

"லே, இது நம்மதான்" என்றான் ஜெபராஜ் மெதுவாக. "நம்மள மாதிரி வந்த அம்புட்டுப் பேரும் இந்தக் கடைய பாத்ததும் பயந்திருக்கான். எவனாவது தெரிஞ்சவன் இருப்பானோன்னு. அந்தம்மா கடைய நாமதான் பூட்டுதோம்."

வரவேற்பு ஆணையகம் ஏரிக்கரையில், கண்ணாடியால் கட்டிய மாளிகை. ஒளிவுமறைவு இல்லை என்பதற்கு அடையாளமாம். உள்ளே போக ஏழெட்டுக் கதவுகளில் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. ஆணையர் லுண்ட்விக் உயரமான மனிதர். துயரத்தைக் கேட்பதற்கென்றே ஒரு தலைச் சாய்ப்பு வைத்திருந்தார். அவர் கையிலிருந்த காப்பு அவர் பேசியதைச் செந்தமிழாக்கியும், இவர்கள் பேசியதை அவர் மொழியாக்கியும் கொடுத்தது.

"தங்கள் அச்சம் எங்களுக்குப் புனிதமானது."

"அதுதான் சார் பிரச்சனை" என்றான் பூவராகன். "அந்த அச்சம் கடைக்காரம்மாவைப் பாத்து வரல. எங்க ஆளுங்க எங்களைப் பாத்துடுவாங்களோன்னு வந்தது. ஊர்ல இருந்து கொண்டுவந்த பயம். உங்க தெருவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"காப்பு நாடியை அறியும், வியர்வையை அறியும். காரணத்தைக் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவரிடம் காரணம் கேட்பது அநாகரிகம்."

"நானே வந்து காரணம் சொல்றேனே!"

"தங்கள் நாட்டிலிருந்தும் அண்டைத் தீவிலிருந்தும் வந்த எத்தனையோ விருந்தினர்களின் நாடி அந்தத் தெருவில் ஒன்றுபோலத் துடித்திருக்கிறது. அத்தனை பேர் துன்பத்தையும் தாங்கள் ஒருவர் மறுப்பது..." தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. "எனக்கு வேதனையளிக்கிறது."

"துறைமுகத்துல ஒருத்தன் எங்க மேல துப்பினான் சார்."

"துறைமுகம் பசுமைப் பகுதி" என்றார் ஆணையர் பெருமையோடு.

பூவராகனுக்கு அந்தக் கண்ணாடிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "சரி, எங்க ரெண்டு பேர் பயத்தை மட்டுமாவது அந்தத் தெருக் கணக்குல இருந்து எடுத்துடுங்க."

"எது யாருடைய அச்சம் என்று எங்களுக்குத் தெரியாது. காப்பு பெயரைப் பதிவதில்லை. அதுவே எங்கள் கண்ணியம்."

"அப்ப அந்தத் தெரு பச்சையாக என்னதான் வழி?"

"எளிது. அச்சத்தை அமைதி ஈடுசெய்யும். காப்பணிந்தவர்கள் அங்கே நிம்மதியாக உலவினால் போதும். கைகோத்து நடங்கள். இது சுதந்திர நாடு."

வெளியே வந்ததும் ஜெபராஜ் சொன்னான்: "பெரம்பூர்ல ரெண்டு ஆம்பளைங்க கை கோத்துக்கிட்டுப் போனா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். இங்க கோத்தாத்தான் அதுக்கு அர்த்தம் வருது. சுதந்திரமாம்."

இருந்தாலும் நடந்தார்கள். மறுநாள் காலை, கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. ஜெபராஜ் மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னான், அது அவனுக்குத் தூக்கம் வரவழைக்கும். பூவராகன் பெருமாளைக் கூப்பிட்டான். மளிகைப் பை தூக்கிய ஆச்சிமார் இரண்டு பேர் எதிரே வந்தார்கள், போனார்கள். காப்பு மஞ்சளாயிற்று. கொஞ்சம் பச்சைகூடத் தெரிந்தது.

"பாத்தியா, வருது" என்றான் பூவராகன்.

"பேசாத. மூணு பதினேழு அம்பத்தொண்ணு."

அப்போதுதான் கடைக்குள்ளிருந்து அந்தக் குரல். "அண்ணன் தம்பி! இன்னும் ஊருக்குப் போகலையா?" அண்ணா நகர்க்காரர், கையில் வடைப் பொட்டலம். "சார், உங்களை எங்கயோ பாத்திருக்கேனேன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க டீச்சர்தானே? என் தங்கச்சி பையன் பெரம்பூர்லதான் படிக்கிறான்!"

ஜெபராஜ் கையை உதறினான். கொதிக்கும் குக்கரைத் தொட்டவன் மாதிரி. காப்பு கத்திய கத்தலில் வடைப் பொட்டலம் கீழே விழுந்தது. தெருவின் நிறத்தைக் காட்டத் தெரு முனையில் வைத்திருந்த விளக்குக் கம்பம், அதுவரைக்கும் ரோஜா நிறத்தில் இருந்தது, கருஞ்சிவப்பாயிற்று.

"சுகரை உடனே பாருங்க சார்" என்றார் அவர் கவலையோடு.

ஏரிக்கரைக்கு வந்தபின் பூவராகன் வெடித்தான். "ஏன்டா அப்படி உதறின? நான் என்ன தொத்து வியாதியா?"

"உனக்கென்ன, உன் முதலாளி கேட்டா நடிப்புன்னு சொல்லுவ. என்னைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பான்?"

"அந்த ஆளுக்கு உன் பேர்கூடத் தெரியாது."

"தெரியாதுன்னு மூளைக்குத் தெரியுது. நெஞ்சுக்குச் சொல்லிக் குடு, வாத்தியாரா இருந்து எனக்கே தெரியல." ஜெபராஜ் காப்பைப் பிடித்து இழுத்தான். "இத்தன வருசமா எவன்கிட்டயும் மாட்டாம வாழ்ந்தோம். கடைசில எங்க வந்து யாரைக் காட்டிக்குடுத்துருக்கோம் பாரு. சோறு போட்டவளை."

பூவராகன் கடைப் பக்கம் திரும்பி நடந்தான். ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்வது. கையேட்டில் அதற்கு எந்தப் பக்கத்திலும் வழி போட்டிருக்கவில்லை.

கடையில் கூட்டம் வடிந்திருந்தது. பூவராகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். "அக்கா, உங்க தெரு சிவந்ததுக்குக் காரணம் நாங்க. எங்களை மாதிரி ஆளுங்க. நாங்க அண்ணன் தம்பி இல்ல. ஆபீஸ் டூரும் இல்ல. நாங்க..." அவன் சொல்லச் சொல்லக் காப்பு ஊளையிட்டது. "மதிப்பிற்குரிய விருந்தினரே! கடும் அபாயம்!"

"உதை முதல்லை கழட்டி வையுங்கோ" என்றார் யோகராணி. "ஒண்டும் கேக்குதில்லை."

கழற்றினார்கள். அறை அமைதியாயிற்று.

"மோர் மிளகாயை அவற்ற தட்டிலையிருந்து எடுக்கேக்கையே விளங்கிச்சுது" என்றார் யோகராணி. "அண்ணன் தம்பி கேட்டுத்தான் எடுப்பினம்."

பின்கட்டிலிருந்து பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதிகம் பேசாதவர். மாலை போட்ட படத்தைக் கண்ணால் காட்டினார். "உவர் ஆரெண்டு கேளுங்கோ."

"யோகாக்காவோட அண்ணன். உங்க வீட்டுக்காரர்."

"கொழும்பிலை, வெள்ளவத்தையிலை படச்சட்டம் வாங்கினனாங்கள். உள்ளுக்கை கிடந்தவர். சட்டத்தோடை வந்த படம். நல்ல முகவெட்டு, எறிய மனம் வரேல்லை."

யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு அண்ணாவே இல்லைத் தம்பி. ரெண்டு பொம்பிளையள் ஒரு வீட்டிலை இருக்கிறதுக்கு ஒரு செத்த ஆம்பிளை வேணும். அவரை நாங்கள் நித்திரையிலைதான் சாகவிட்டது. பாவம், ஒரு கரைச்சலும் தராத மனுசன். வருசா வருசம் திவசமும் செய்யிறம்."

ஜெபராஜ் வாயைப் பிளந்து படத்தைப் பார்த்தான். படத்தில் இருந்தவர் அதே புன்சிரிப்போடு அவனைப் பார்த்தார்.

"அக்கா, அப்ப இதை அந்த ஆணையர்கிட்டச் சொல்லியிருக்கலாமே!" என்றான் பூவராகன். "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆகாத கடைன்னு உங்க கடையையே பூட்டுறான்!"

"சொன்னால் பச்சை வரும். சனம் வராது" என்றார் யோகராணி. "கோயில் திருவிழாவுக்குப் பிரசாதம் ஆர் செய்யிறது? பிலோமினா. மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் பலகாரம்? அதுவும் பிலோமினா. நாளைக்கே ரெண்டிலையும் அடுப்பு அணையும்."

 பிலோமினா மேசை மேல் கிடந்த காப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது அவர் கையில் அமைதியாகப் பச்சை காட்டியது.

"இதுக்கு ஆர் எண்டு தெரியாதோ?"

"தெரியாது" என்றான் பூவராகன். "அதுதான் அவங்க கண்ணியமாம்."

அடுத்த நாளிலிருந்து ஒரு காப்பு யோகராணியின் ஸ்வெட்டர் கைக்குள், இன்னொன்று பிலோமினாவின் கண்ணாடி வளையல்களுக்கு நடுவில். பூவராகனும் ஜெபராஜும் மூலை மேசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். "பிலோமினாக்கா, இன்னும் வயசிருக்கு, இன்னொரு கலியாணம் செய்திருக்கலாம்" என்றாள் ஒருத்தி. பச்சை. "அவற்ற நினைவோடையே இருந்திட்டன்" என்றார் பிலோமினா. பச்சை. "மச்சாளும் மச்சாளும் இப்பிடி ஒற்றுமையா இருக்கிறதை எங்கயும் காணேல்லை" என்றார் கோயில் தலைவர். "அண்ணா கேட்டுக்கொண்டு போனவர், பாத்துக்கொள்ளெண்டு" என்றார் யோகராணி, தராசில் புளியை நிறுத்தபடி. நாடி ஒரு துளி ஏறவில்லை. அசையாத, செம்மையான, அரசாங்கப் பச்சை.

"எப்படிக்கா?" என்றான் ஜெபராஜ்.

"பழகிப்போச்சு" என்றார் யோகராணி. அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

 இந்த நாட்டின் வரைபடத்திலேயே மிக நிம்மதியான நெஞ்சுகள் என்று காப்பு கண்டுபிடித்தது, ஒரு நாள்கூட வாய் திறக்காத இரண்டு பேரை. அதையும் கையேட்டில் எழுத முடியாது. நடைமுறையாக இருக்கவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வாரக் கடைசியில் விளக்குக் கம்பங்கள் பச்சையாயின. நோட்டீஸைக் கிழித்தார்கள். ஆணையர் லுண்ட்விக் தாமே கடைக்குள் வந்தார், நாடாவோடும் புகைப்படக்காரரோடும் ஒரு பித்தளைத் தகட்டோடும். இவ்வளவு வேகமாக மனம் திருந்திய தெருவை எல்வேரியா கண்டதில்லை என்று பேசினார். தங்கள் அரசின் வழிகாட்டுதலால்தான் இந்தச் சமூகம் அன்பைக் கற்றுக்கொண்டது என்றார். கூடியிருந்த தமிழ்ச்சனம், டிராம் திரும்ப வருகிறது என்பது மட்டும் புரிந்து, கை தட்டியது.

"படத்தில் ஒரு இணையர் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஆணையர் இவர்கள் பக்கம் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் இருக்கு சார்" என்றான் ஜெபராஜ்.

ஆணையர் முகம் வாடியது. பிறகு சுவரைப் பார்த்தார். "இவர் யார்?"

"என்ர அண்ணா. மோசம் போயிட்டார், நித்திரையிலை" என்றார் யோகராணி.

ஆணையர் தொப்பியைக் கழற்றினார். தலையை நன்றாகச் சாய்த்து, வெள்ளவத்தைச் சட்டக்கடைப் படத்துக்கு நெடுநேரம் மௌன அஞ்சலி செலுத்தினார். அவரைப் பார்த்துப் புகைப்படக்காரரும், புகைப்படக்காரரைப் பார்த்து ஊர்ச்சனமும் தலை குனிந்தார்கள். ஜெபராஜ் பூவராகனின் காலை மிதித்தான். சிரித்துவிடாமல் இருப்பதற்காக.

"சரி, கடைக்கார அம்மணிகள் இருவரும் நாடாவின் அருகே நில்லுங்கள்" என்றார் ஆணையர். "இன்னும் நெருக்கமாக. ஆ, அப்படி. கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், தோழமை தெரியட்டும்."

யோகராணி கையை நீட்டினார். பிலோமினா ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு பிடித்தார். ஊர்ச்சனத்துக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. மச்சாளும் மச்சாளும் கை பிடித்தார்கள். யாரும் கண்ணிமைக்கவில்லை.

வளையல்களுக்கு நடுவே காப்பு சிவந்தது. "மதிப்பிற்குரிய விருந்தினரே! கடும் அபாயம்! கடும் அபாயம்!" ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து இன்னொன்று பதில் குரல் கொடுத்தது. விருந்தினர் கைகளில் இந்த அலறலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர்ச்சனம் பூவராகனையும் ஜெபராஜையும்தான் திரும்பிப் பார்த்தது.

பூவராகன் வேகமாக ஆணையர் பக்கம் நகர்ந்தான். சன்னலுக்கு வெளியே பச்சைக் கம்பம் ஒரு முறை துடித்தது.

"என்ன சொல்கிறது அது?" என்றார் ஆணையர். அவருக்குத் தமிழ் தெரியாது; அவர் காப்பு மனிதர் பேச்சைத்தான் மொழிபெயர்க்கும், இன்னொரு காப்பின் பேச்சை அல்ல.

"உங்களைப் பாராட்டுது சார்" என்றான் பூவராகன். "திரும்பத் திரும்ப."

ஆணையர் நம்பினார். பாராட்டு என்றால் அவர் எந்த மொழியிலும் நம்புவார். பித்தளைத் தகட்டை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கை கொடுத்து, காரை நோக்கி நடந்தார்.

"கையை விடாதேங்கோ யோகா" என்றார் பிலோமினா, அலறும் காப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. "படம் இன்னும் எடுக்கேல்லை."

புகைப்படக்காரர் அதற்குள் கேமராவின் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டிருந்தார்.